குழாய் போடச் சொல்லும் புரதம்

பத்து மைக்ரோகிராம் பொடிக்காக இந்திய ஆராய்ச்சிக் கூடங்கள் வாரக்கணக்கில் காத்திருக்கின்றன. அதே புரதத்தை அடக்கும் மருந்தை உலகுக்கு முன்பாக மலிவாகச் செய்து காட்டிய நாடு இது. அப்புறம் ஏன் இந்தக் காத்திருப்பு?

விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி. உள்ளே சரக்கு இருப்பதாகச் சீட்டு சொல்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் போல ஏதோ தென்படலாம். தென்படாமலும் போகலாம். எடை 10 மைக்ரோகிராம். ஒரு கிராமை ஒரு லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. திறப்பதற்கு முன் மையவிலக்கு எந்திரத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்கிறது உடன் வரும் குறிப்பு. இல்லாவிட்டால் மொத்தப் பொருளும் மூடியில் ஒட்டிக்கொண்டு குப்பைத் தொட்டிக்குப் போய்விடும் அபாயம் உண்டு.

இந்தப் பொடியின் பெயர் வி.இ.ஜி.எஃப். ரத்தக் குழாயின் உள்சுவர் செல்களை வளரத் தூண்டும் புரதம். ஆராய்ச்சிக்கான தரத்தில் இப்படிப்பட்ட ஒரு குப்பிக்கு இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராமின் விலை 200 கோடி ரூபாய் ஆகிறது. தங்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. ஆனால் இதை யாரும் கிராம் கணக்கில் வாங்குவதில்லை. செல்களை வளர்க்கும் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் கலந்தாலே போதும். அந்தக் கணக்குப்படி ஒரு குப்பி ஒரு லிட்டர் திரவத்துக்கு வரும். அந்த ஒரு லிட்டரை நம்பித்தான் பல முனைவர் பட்ட ஆய்வுகள் நடக்கின்றன.

புற்றுநோய்க் கட்டி எப்படித் தனக்கு ரத்தம் தேடிக்கொள்கிறது, நீரிழிவு எப்படிக் கண்ணைப் பறிக்கிறது, அடைபட்ட இதயக் குழாய்க்குப் பக்கத்தில் மாற்றுக் குழாய் முளைக்க வைக்க முடியுமா என்று எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டாலும், ஆராய்ச்சியாளர் கடைசியில் கைநீட்டுவது இந்தக் குப்பியிடம்தான்.

தொப்புள்கொடியில் தொடங்கிய கதை

ரத்தக் குழாயை வெறும் ரப்பர் குழாய் போல நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அதன் உள்பக்கம் முழுவதும் ஒரே ஒரு செல் கனத்தில் மெல்லிய விரிப்பு ஒன்று போர்த்தியிருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். ரத்தம் உறையாமல் ஓடுவதும், குழாய் சுருங்கி விரிவதும், காயம்பட்ட இடத்தில் வெள்ளணுக்கள் சுவரைத் தாண்டி வெளியேறுவதும் இந்த விரிப்பின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

இதற்கு ஓர் இந்திய உதாரணம். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்களின் இதயத்தில் அது திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. ஆனால் உலகில் உள்ள எல்லா உலோக வால்வுகளையும் போல இதைப் பொருத்திக்கொண்டவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்நியப் பொருளின் மேல் அந்த உயிருள்ள விரிப்பு இல்லை என்பதுதான் காரணம். செயற்கைக் குழாய்களின் உள்பக்கம் இந்தச் செல்களை வளர்த்துப் படரவிட முடியுமா என்று உலகெங்கும் ஆராய்ச்சி நடப்பதும் அதனால்தான்.

வளர்க்க வேண்டுமானால் முதலில் செல் வேண்டும். அதற்கு வழி 1973-ல் பிறந்தது. நியூயார்க்கில் எரிக் ஜேஃப் தலைமையிலான குழு, பிரசவ அறையில் வீசியெறியப்படும் தொப்புள்கொடியை எடுத்துக்கொண்டது. கொடிக்குள் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் இருக்கும். சிரையைக் கழுவி, கொலாஜினேஸ் என்ற நொதியை உள்ளே நிரப்பி, இரு முனைகளையும் கட்டிச் சில நிமிடங்கள் வைத்தால் உள்சுவர் செல்கள் சுவரைவிட்டுக் கழன்று வருகின்றன. அவற்றை ஜெலட்டின் தடவிய தட்டில் விட்டால் ஒட்டிக்கொண்டு, தெருவில் கல் பாவியது போல நெருக்கமாகப் படர்கின்றன. உலகின் எந்த ரத்தக் குழாய் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனாலும் இன்றும் இந்தச் செல்கள்தான் முதலில் கண்ணில் படும். தாயின் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருந்தால் போதும், மூலப்பொருளுக்கு இந்தியாவில் பஞ்சமே இல்லை.

பஞ்சம் செல்லின் தீனியில்தான். மற்ற செல்களைப் போல இவை சர்க்கரையும் உப்பும் அமினோ அமிலமும் கிடைத்தால் திருப்தியடைவதில்லை. வளரச் சொல்லி யாராவது உத்தரவிட வேண்டும். உத்தரவு வராவிட்டால் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. மெல்ல மடிகின்றன. 1970களின் இறுதியில் விஞ்ஞானிகள் மாட்டு மூளையிலிருந்து எடுத்த சாற்றையும் கன்றுக்குட்டிக் கருவின் சீரத்தையும் ஊற்றிச் சமாளித்தார்கள். அந்தச் சாற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. இந்த மாதம் வாங்கிய சாறு போல அடுத்த மாதச் சாறு இருக்காது. 1996-ல் மாட்டுப் பித்து நோய் மனிதரையும் தாக்கியிருக்கலாம் என்று பிரிட்டன் ஒப்புக்கொண்ட பிறகு மாட்டு மூளை என்ற பெயரைக் கேட்டாலே தயக்கம் வந்தது.

கட்டியின் ரகசியத் தூது

உத்தரவிடுவது யார் என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் ஜூடா ஃபோக்மன். பாஸ்டனைச் சேர்ந்த குழந்தைகள் அறுவை மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக் கூடத்தில் வேலை பார்த்தபோது, உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்திருந்த தைராய்டு சுரப்பிக்குள் புற்றுச் செல்களை விட்டுப் பார்த்தார். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை வளர்ந்தது. அதற்கு மேல் நகரவில்லை. அதே கட்டியை உயிருள்ள எலிக்குள் வைத்தபோது கிடுகிடுவென்று பெருத்தது. வித்தியாசம் ஒன்றுதான். எலிக்குள் இருந்த கட்டியை நோக்கிப் புதிய ரத்தக் குழாய்கள் ஓடிவந்திருந்தன.

ஒரு செல்லுக்கும் ரத்தக் குழாய்க்கும் இடையில் ஒன்றிரண்டு தலைமயிரின் பருமனுக்கு மேல் தூரம் இருந்தால் ஆக்சிஜன் போய்ச் சேராது. எனவே வளர விரும்பும் எந்தத் திசுவும் குழாய் இணைப்பு கேட்டே ஆக வேண்டும். கட்டியும் அப்படி ஒரு ரசாயனத் தூதை அனுப்புகிறது, அந்தத் தூதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று ஃபோக்மன் 1971-ல் எழுதினார். பல ஆண்டுகள் அவரது கருத்தைச் சக விஞ்ஞானிகள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். தூது என்று சொல்கிறாரே தவிர, தூதனைக் கையில் பிடித்துக் காட்டவில்லையே என்பது அவர்களின் கேள்வி.

தூதன் இரண்டு வாசல் வழியாக வந்தான். 1983-ல் பாஸ்டனில் டொனால்ட் செங்கர், ஹெரால்ட் ட்வொராக் ஆகியோர் ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தைப் புற்றுச் செல்களிடம் கண்டார்கள். கசிவுக் காரணி என்று பெயர் வைத்தார்கள். 1989-ல் கலிஃபோர்னியாவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா என்ற இத்தாலியர் மாட்டின் பிட்யூட்டரி செல்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அது எண்டோதீலியல் செல்களை மட்டும் குறிவைத்து வளர்த்தது. அதற்கு வி.இ.ஜி.எஃப். என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெனென்டெக் குழுவும் மொன்சாண்டோ நிறுவனத்தின் குழுவும் தத்தம் புரதத்தின் ஜீன் வரிசையை வெளியிட்டபோது உண்மை தெரிந்தது. கசிய வைத்ததும் வளர வைத்ததும் ஒரே ஆள்தான்.

இந்தத் தூது எப்போது கிளம்புகிறது என்பதும் பிறகு தெளிவானது. திசுவில் ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் ஒரு விசை திரும்புகிறது. உடனே வி.இ.ஜி.எஃப். ஜீன் இயங்கத் தொடங்குகிறது. அந்த விசையின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1996-ல் வெளியான எலி ஆய்வு ஒன்று சாட்சி. அப்பா அம்மாவிடமிருந்து வரும் இரு வி.இ.ஜி.எஃப். ஜீன்களில் ஒன்று இல்லாமல் போனாலே எலிக் கரு பிறக்கும் முன் இறந்துவிட்டது. பாதி உத்தரவு போதவில்லை.

பாக்டீரியா என்ற தொழிற்சாலை

ஜீன் வரிசை தெரிந்துவிட்டால் மாட்டைத் தேட வேண்டியதில்லை. ஓர் உயிரின் ஜீனை வெட்டி இன்னோர் உயிரில் ஒட்டும் வித்தையை 1973-லேயே கலிஃபோர்னியாவில் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அந்த வித்தையில் தயாரான மனித இன்சுலின் 1982-ல் சந்தைக்கே வந்துவிட்டது. இப்படி வெட்டி ஒட்டிச் செய்த புரதத்துக்கு ரீகாம்பினன்ட் என்ற அடைமொழி. தமிழில் மறுசேர்க்கைப் புரதம் என்கிறார்கள்.

வி.இ.ஜி.எஃப்-பில் பல வகைகள் உண்டு. ஆராய்ச்சிக் கூடங்கள் அதிகம் பயன்படுத்துவது 165 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. இரண்டு சங்கிலிகள் கந்தகப் பிணைப்பால் கைகோத்துக்கொண்டால்தான் அது வேலை செய்யும். மனித ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினால் அது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பெருகிக்கொண்டே சங்கிலியை மூட்டை மூட்டையாகத் தயாரித்துத் தள்ளும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாக்டீரியா அவசரக்காரச் சமையல்காரர். பண்டம் நிறைய வரும், பதம் வராது. சங்கிலிகள் சரியாக மடியாமல் கட்டி கட்டியாகக் கிடக்கும். அந்தக் கட்டியைப் பிரித்தெடுத்து, யூரியா போன்ற ரசாயனத்தில் கரைத்து, பிறகு பொறுமையாக மறுபடி மடிய வைக்க வேண்டும். பூச்சிகளின் செல்களிலும் பாலூட்டிகளின் செல்களிலும் தயாரித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் செலவு ஏறும்.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. ஈ.கோலையின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. ரத்தக் குழாய்ச் செல்கள் இதன் வாடை பட்டாலே கொதித்தெழும். புரதத்தோடு இந்த நச்சும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால் செல்கள் காட்டும் மாற்றம் எதனால் வந்தது? புரதமா, நச்சா? ஆராய்ச்சியாளர் தப்பான முடிவோடு கட்டுரை எழுதிவிடுவார். அதனால்தான் ஒவ்வொரு குப்பியின் சீட்டிலும் நச்சின் அளவு அச்சிடப்படுகிறது.

அந்த அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பல காலமாக உதவி வருவது குதிரைலாட நண்டின் நீல ரத்தம். எண்டோடாக்சின் துளி பட்டாலும் உறைந்துவிடும் குணம் அதற்கு உண்டு. ஒடிசாக் கடற்கரையில் முட்டையிட வரும் இந்தப் பிராணியின் வம்சம் டைனோசர்களுக்கும் முந்தையது. அதன் ரத்தத்தில் உள்ள காரணியையே மறுசேர்க்கை முறையில் தயாரித்து நண்டை விட்டுவிடும் முயற்சியும் இப்போது வேகம் பெற்று வருகிறது.

கடைசிச் சோதனை செல்களிடம்தான். தயாரான புரதத்தைத் தொப்புள்கொடிச் செல்களுக்குக் கொடுத்து, எந்த அளவில் அவை பாதி வேகத்தை எட்டுகின்றன என்று பார்க்கிறார்கள். செல்லை வளர்ப்பது புரதம். புரதத்தை மதிப்பிடுவது செல். இந்த இரண்டும் நம்பகமாக இருந்தால்தான் மூன்றாவதாக ஒரு மருந்தைப் பற்றிப் பேச முடியும்.

கொடுத்தால் தோல்வி, தடுத்தால் வெற்றி

குழாய் முளைக்க வைக்கும் புரதம் கிடைத்ததும் மருத்துவர்களுக்கு முதலில் தோன்றிய யோசனை இயல்பானது. அடைபட்ட இதயத்துக்கு இதை ஏற்றினால் என்ன? அமெரிக்காவில் விவா என்ற பெயரில் 178 நோயாளிகளிடம் சோதனை நடந்தது. முடிவு 2003-ல் வெளியானது. அறுபதாம் நாள் நடத்திய உடற்பயிற்சிச் சோதனையில் புரதம் பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் ஏற்றிய புரதம் சீக்கிரமே காணாமல் போகிறது. அளவைக் கூட்டினால் ரத்த அழுத்தம் விழுகிறது. தட்டில் வெற்றி பெற்றது உடலில் தோற்றது. ஒரு குழாய் நிலைக்க வேண்டுமானால் ஒரே ஒரு உத்தரவு போதாது, பல உத்தரவுகள் சரியான வரிசையில் வர வேண்டும் என்பது அந்தத் தோல்வி கற்றுக்கொடுத்த பாடம்.

எதிர்த் திசையில் கதை வேறு. 1993-ல் ஃபெராராவின் குழு வி.இ.ஜி.எஃப்-பைப் பிடித்துக் கட்டிப்போடும் ஆன்டிபாடியை எலிகளுக்குக் கொடுத்துக் கட்டிகளின் வளர்ச்சியைக் குறைத்துக் காட்டியது. மனிதருக்கு ஏற்றபடி மாற்றப்பட்ட அந்த ஆன்டிபாடிதான் பெவாசிசுமாப். அவாஸ்டின் என்ற பெயரில் 2004 பிப்ரவரியில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. முற்றிய பெருங்குடல் புற்றுநோயில் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகளின் சராசரி ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்ந்தது. பட்டினி போட்டால் கட்டி செத்துவிடும் என்ற பெரிய கனவு பலிக்கவில்லை. கிடைத்தது சில மாதங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு 2008-ல் கொடுத்த அனுமதியை ஆயுள் நீடிப்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2011-ல் அமெரிக்காவே ரத்து செய்தது.

உண்மையான புரட்சி நடந்தது கண்ணில். நீரிழிவால் விழித்திரையின் நுண்குழாய்கள் சிதையும்போது ஆக்சிஜன் இல்லாத திசு அபயக்குரல் எழுப்புகிறது. வி.இ.ஜி.எஃப். சுரக்கிறது. அவசரத்தில் முளைக்கும் குழாய்கள் பலவீனமானவை. கசிகின்றன, உடைகின்றன, பார்வையை மறைக்கின்றன. நோயாளிகளின் கண் நீரில் இந்தப் புரதம் மிகுந்திருப்பதை 1994-லேயே ஆய்வு காட்டியது. முதுமையில் வரும் ஒரு வகை விழித்திரைச் சிதைவிலும் குற்றவாளி இதே புரதம்தான். 2006-ல் லூசென்டிஸ் என்ற ஊசி மருந்து வந்தது. மெல்ல மெல்லப் பார்வை இழந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் எழுத்துக்களைப் படித்தார்கள். கண் மருத்துவம் அதற்கு முன் கண்டிராத காட்சி அது.

ஆனால் ஓர் ஊசி சுமார் 2,000 டாலர். அதே நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான அவாஸ்டினைச் சிறு சிறு பங்காகப் பிரித்துக் கண்ணில் போட்டால் சுமார் 50 டாலர்தான் ஆகிறது என்று மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். இரண்டும் சமமா என்று அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனமே சோதனைக்குப் பணம் கொடுத்தது. 2011-ல் வந்த விடை: பார்வையைப் பொறுத்தவரை சமம். 2013-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கண் நோய்க்காகப் பெவாசிசுமாபைச் சேர்த்தது.

இந்தியாவின் கணக்கு

இந்தக் கதையில் இந்தியா வெறும் பார்வையாளர் அல்ல. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது அது. அவர்களில் சிறு பங்கினருக்குக் கண் பாதித்தாலும் எண்ணிக்கை லட்சங்களில் நிற்கும். மாதாமாதம் ஊசி என்றால் இவர்களில் எத்தனை பேரால் தாக்குப்பிடிக்க முடியும்?

இங்கே பெரும்பாலானவர்களுக்கு மருத்துவர்கள் கொடுத்தது பங்கு போட்ட அவாஸ்டின்தான். 100 மில்லிகிராம் குப்பி, ஒரு கண்ணுக்கு 1.25 மில்லிகிராம். கணக்குப்படி எண்பது ஊசிகள். பங்கு போடும் இடத்தில் சுத்தம் தவறினால் ஒரே குப்பி பல கண்களைக் கெடுக்கும். குஜராத்தில் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கண்ணில் கடும் பாதிப்பு ஏற்பட்டதும், 2016 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் இந்த மருந்தைக் கண்ணில் பயன்படுத்துவதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்தார். கண் மருத்துவர்களின் சங்கங்கள் கொதித்தன. மலிவான ஊசியை நிறுத்தினால் ஏழை நோயாளி விலை உயர்ந்த ஊசிக்கு மாற மாட்டார், சிகிச்சையையே விட்டுவிடுவார் என்று வாதாடின. மார்ச் மாதம் எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது.

இதற்கு இன்னொரு விடையையும் இந்தியா தந்தது. அகமதாபாத்தின் இன்டாஸ் நிறுவனம் 2015-ல் லூசென்டிஸுக்கு இணையான ரசுமாப் என்ற மருந்தை வெளியிட்டது. உலகில் அந்த மருந்துக்கு வந்த முதல் நகல் உயிரி மருந்து அதுதான். 2017-ல் பெங்களூரின் பயோகான் பெவாசிசுமாபின் இந்திய வடிவத்தைக் கொண்டுவந்தது. இதற்கெல்லாம் முன்னோடி ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ். 1997-ல் அது ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை மறுசேர்க்கை முறையில் தயாரித்து, இறக்குமதித் தடுப்பூசியின் விலையில் ஒரு சிறு பகுதிக்கு விற்றது. ஜீனை வெட்டி ஒட்டும் தொழில் இந்தியாவுக்குக் கைவந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

அப்படியானால் அந்தக் குப்பி?

கடல் கடந்து வரும் தூது

இங்கேதான் முரண்பாடு. வி.இ.ஜி.எஃப்-பைத் தடுக்கும் மருந்தைக் கிலோ கணக்கில் தயாரிக்கும் நாடு, வி.இ.ஜி.எஃப்-பை மைக்ரோகிராம் கணக்கில் பெரும்பாலும் இறக்குமதி செய்கிறது. இந்தப் புரதம் மட்டுமல்ல. செல் வளர்ப்புக்குத் தேவையான பல வளர்ச்சிக் காரணிகளும், ஆன்டிபாடிகளும், நொதிகளும் அதே வழியில்தான் வருகின்றன.

ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரின் பார்வையில் இந்தப் பயணத்தைப் பார்த்தால் புரியும். விலைப்பட்டியல் கேட்க வேண்டும். அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். உள்ளூர் முகவர் வெளிநாட்டுக்கு ஆர்டர் அனுப்ப வேண்டும். விமான நிலையத்தில் சுங்கம். அந்த நேரம் பார்த்து இரண்டு நாள் விடுமுறை வந்தால் குளிர்ப் பெட்டி எங்கே எந்த வெயிலில் நின்றது என்பதற்குச் சாட்சி கிடையாது. உலர்பொடியாக வரும் புரதம் ஓரளவு தாங்கும். திரவமாக வரும் பொருள்கள் தாங்காது. வந்த குப்பியைக் கரைத்த பிறகும் நிம்மதி இல்லை. மிகக் குறைந்த அளவில் இருக்கும் புரதம் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க ஆல்புமின் போன்ற துணைப் புரதம் சேர்க்க வேண்டும். உறைய வைத்து உருக்கி, மறுபடி உறைய வைத்தால் வீரியம் போய்விடும். அதனால் சிறு சிறு பங்காகப் பிரித்து வைக்க வேண்டும். கல்லூரி விடுதிக்கும் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் ஒரே மின்கம்பி என்றால், ஓர் இரவு மின்வெட்டு நீண்டாலே ஆறு மாத வேலை கரைந்துபோகும்.

விளைவு என்ன? மாணவர்கள் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்லை. கையிருப்பு கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. மூன்று முறை திருப்பிச் செய்ய வேண்டிய சோதனை இரண்டோடு நிற்கிறது. ஐந்து அளவுகளில் பார்க்க வேண்டியதை இரண்டு அளவுகளில் பார்க்கிறார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையின் மதிப்பீட்டாளர் கூடுதல் சோதனை கேட்டால், அடுத்த குப்பி வருவதற்குள் அதே முடிவை வேறு நாட்டில் யாரோ அச்சேற்றிவிடுகிறார்கள்.

அரசின் கை எவ்வளவு எளிதாக இந்தக் கழுத்தை நெரிக்க முடியும் என்பதை 2024 ஜூலை பட்ஜெட் காட்டியது. வேறு நோக்கத்துக்காகச் சிலர் ஆய்வகப் பொருள் என்ற பெயரில் இறக்குமதி செய்வதைத் தடுக்க, ஆய்வக ரசாயனங்களின் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தப்பட்டது. விஞ்ஞானிகள் அலறினார்கள். சில நாட்களில் ஆராய்ச்சிக்காக வாங்குபவர்களுக்குப் பழைய வரி திரும்பியது. ஆனால் வரி அறிவிப்பை எழுதிய மேஜையில் ஆராய்ச்சிக் கூடத்தின் ஞாபகம் யாருக்கும் வரவில்லை என்பது பதிவாகிவிட்டது. 2025 ஜூனில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகள் தளர்த்தப்பட்டது நல்ல செய்தி. வாங்குவது சுலபமாகும். ஆனாலும் வாங்குவதுதான்.

ஏன் இங்கேயே செய்யக் கூடாது? தொழில்நுட்பம் தடையில்லை. ஈ.கோலையில் வி.இ.ஜி.எஃப். தயாரிப்பது நல்ல பயிற்சி பெற்ற முதுகலை மாணவர் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. பல இந்திய ஆய்வகங்கள் தங்கள் தேவைக்கான புரதத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்வதும் உண்டு. ஆராய்ச்சிப் பொருள் விற்கும் சிறிய இந்திய நிறுவனங்களும் முளைத்திருக்கின்றன. தடை இரண்டு. முதலாவது, சந்தை. மருந்துக்கு லட்சக்கணக்கில் நோயாளிகள் இருக்கிறார்கள். ஆராய்ச்சிப் புரதத்துக்குச் சில நூறு கூடங்கள். ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு, அளவு சொற்பம். பெரிய நிறுவனம் திரும்பிப் பார்க்காது. இரண்டாவது, நம்பிக்கை. விலை கொடுத்து வாங்குவது பொடியை மட்டுமல்ல. இந்தத் தொகுதியும் போன தொகுதியும் ஒன்று என்ற உத்தரவாதத்தை வாங்குகிறார்கள். முப்பது ஆண்டுகளாக உலகக் கட்டுரைகளில் பெயர் வந்துகொண்டிருக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் சீட்டை மதிப்பீட்டாளர் கேள்வி கேட்க மாட்டார். புதிய இந்தியச் சீட்டைக் கேட்பார். தன் மாணவரின் பட்டத்தைப் பணயம் வைத்து எந்தப் பேராசிரியர் சுதேசிச் சோதனை செய்வார்?

சந்தை தீர்க்காத, தனி மனிதர் தீர்க்க முடியாத இப்படிப்பட்ட சிக்கலை இந்தியா ஒருமுறை தீர்த்திருக்கிறது. செல் வரிசைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஒவ்வொரு ஆய்வகமும் திண்டாடிய காலத்தில், 1980களில் மத்திய அரசு புனேயில் தேசியச் செல் சேமிப்பகம் ஒன்றை நிறுவியது. தேசியச் செல் அறிவியல் மையம் என்று அது வளர்ந்தது. இன்று நாட்டின் எந்த மூலையில் உள்ள கல்லூரியும் அங்கே எழுதிப்போட்டு, அடையாளம் சரிபார்க்கப்பட்ட செல்லை நியாயமான கட்டணத்தில் பெறலாம். லாபம் அதன் நோக்கம் அல்ல. தரம் அதன் நோக்கம்.

அந்தச் செல்லுக்கான தீனிக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அதிகம் கேட்கப்படும் இருபது, முப்பது வளர்ச்சிக் காரணிகளை மட்டும் தயாரித்து, எண்டோடாக்சினையும் வீரியத்தையும் அளந்து, முடிவு எதுவானாலும் மறைக்காமல் வெளியிடும் ஒரு பொது மையம் போதும். முதல் சில ஆண்டுகள் வெளிநாட்டுக் குப்பியையும் உள்நாட்டுக் குப்பியையும் அருகருகே வைத்துப் பல கூடங்கள் சோதிக்கட்டும். சந்தேகம் அப்படித்தான் தீரும். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பயோஇ3 கொள்கை, உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியைப் பெருக்குவது பற்றி விரிவாகப் பேசுகிறது. பெரிய தொட்டிகளைப் பற்றிப் பேசும் அந்தக் கொள்கையில் இந்தச் சிறிய குப்பிக்கும் இடம் கொடுக்க நிறையப் பணம் தேவைப்படாது.

ஃபோக்மன் 2008-ல் காலமானார். அவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த முப்பது ஆண்டுகளும் அவரிடம் இருந்தவை செல்லும் தட்டும் அதில் ஊற்ற ஒரு திரவமும்தான். நீரிழிவு நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் வாழும் நாட்டில் அடுத்த கேள்விகளை இங்கே இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும். நம் நோயாளிகளின் விழித்திரையில் குழாய்கள் ஏன் இத்தனை சீக்கிரம் சிதைகின்றன, சிலருக்கு ஊசி ஏன் பலிக்கவில்லை என்பதையெல்லாம் பாஸ்டனும் கலிஃபோர்னியாவும் நமக்காக முதலில் கேட்கப் போவதில்லை. புனேயிலிருந்து செல் வந்துவிடுகிறது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து தொப்புள்கொடி வந்துவிடுகிறது. மாணவரும் தயார். வர வேண்டியது ஒரு லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம்.